தெரிந்த சொல்தான் ஏமாற்றுகிறது: லியர் நாடகமும் பழைய ஆங்கில அடைச்சொற்களும்

#1 ஏட்டுச்சுவடி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நாடகக் குழுவுக்காக ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை வருடத்து வேலை. போன மாதம் முதல் முறையாக எல்லோரும் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தோம்.

நான்காம் அங்கத்தின் கடைசியில் புத்தி தெளிந்து கண் விழிக்கும் லியர், தான் துரத்திவிட்ட கடைசி மகள் கார்டீலியாவின் முன்னால் தன்னைப் பற்றிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. மூலத்தில் அவன் தன்னை 'ஃபூலிஷ் ஃபாண்ட் ஓல்ட் மேன்' என்கிறான். நான் அதை 'அறிவு கெட்டவன்தான், ஆனாலும் பாசமுள்ள கிழவன்' என்று எழுதியிருந்தேன். படித்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் அந்த வரிமேல் ஒரு பிரியம்.

முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அந்த ஃபாண்ட் பாசம் இல்லை தம்பி. அதுவும் முட்டாள்தான். இடைக்கால ஆங்கிலத்தில் ஃபான் என்றால் பேதை. ஃபாண்ட் என்றால் பேதையாகிப் போனவன்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. முதலில் முட்டாள்தனமான, அப்புறம் முட்டாள்தனமாகக் கொஞ்சுகிற, அதற்கும் அப்புறம்தான் பிரியமான. ஷேக்ஸ்பியர் காலத்தில் பிரியம் என்ற பொருளும் தலைகாட்டத் தொடங்கிவிட்டது என்றாலும், இந்த இடத்தில் பேதைமைதான் முன்னால் நிற்கிறது. லியர் தன்னை இரண்டு முறை முட்டாள் என்கிறான். நான் அவனுக்கு ஒரு சமாதானத்தைக் கையில் கொடுத்துவிட்டேன்.

அன்று முதல் பயமாக இருக்கிறது. தெரியாத சொல் வந்தால் கை தானாக அகராதிக்குப் போகும். ஃபாண்ட் என்ற சொல்லுக்கு யார் அகராதி பார்ப்பார்கள்? ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரிந்த சொல். இப்படிப் பொருள் மாறிப்போன பெயரடைகள் வேறு என்னென்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வேர்ச்சொல்

நல்ல இழை. லியர் நாடகத்துக்குள்ளேயே இன்னும் நிறைய இருக்கின்றன. இரண்டாம் அங்கத்தில் கார்ன்வால் பிரபு, மாறுவேடத்தில் லியருக்கு ஊழியம் செய்யும் கெண்ட்டைப் பற்றிப் பேசும் இடத்தை எடுத்துப் பாருங்கள். இருபது 'சில்லி' குனிந்து கும்பிடுகிறவர்களைவிட இவன் மோசமானவன், அவர்கள் தங்கள் கடமையை 'நைஸ்லி' நீட்டுகிறவர்கள் என்று வரும். அடுத்தடுத்த வரிகளில் இரண்டு பொறிகள்.

நைஸ் என்ற சொல்லின் மூலம் லத்தீனில் 'நெஸ்கியுஸ்', ஒன்றும் அறியாதவன். பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது மடையன் என்றுதான் பொருள். பிறகு கூச்சமுள்ள, தொட்டதற்கெல்லாம் சிணுங்குகிற, நுணுக்கம் பார்க்கிற என்று மாறியது. இனிமையான என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் உறுதியானது. ஆக, கார்ன்வால் சொல்லும் நைஸ்லி 'அழகாக' இல்லை. 'அணு பிசகாமல், அளவுக்கு மீறிய கவனத்தோடு' என்று வர வேண்டும். நுட்பமான வேறுபாட்டை இன்றும் ஆங்கிலத்தில் நைஸ் டிஸ்டிங்ஷன் என்று சொல்வது இந்தப் பொருளின் மிச்சம்.

சில்லியின் கதை இன்னும் விசித்திரம். பழைய ஆங்கிலத்தில் 'சேலிக்' என்றால் பேறு பெற்ற, இறைவன் அருள் பெற்ற. ஜெர்மனில் 'செலிக்' இன்றும் அந்தப் பொருளிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அருள் பெற்றவன் கள்ளமில்லாதவன் ஆகி, கள்ளமில்லாதவன் பாவப்பட்டவன் ஆகி, பாவப்பட்டவன் கடைசியில் அசடன் ஆகிவிட்டான். ஒவ்வொரு படியும் சின்னதுதான். மேலிருந்து கீழ்வரை இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் என்று தெரிகிறது.

#3 தமிழாசிரியை_ஓய்வு

வேர்ச்சொல் சார் சொன்னதைப் படித்ததும் 'நாற்றம்' நினைவுக்கு வந்தது. ஆண்டாள் 'நாற்றத் துழாய்முடி நாராயணன்' என்று பாடினாள். திருப்பாவையின் பத்தாம் பாசுரம். மணக்கும் துளசி மாலை சூடியவன். இன்று ஒரு குழந்தையிடம் அந்த வரியைச் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு சொல்லுக்கு அரைப் பாடவேளை ஒதுக்குவேன்.

ஏட்டுச்சுவடி தம்பிக்கு ஒன்று. உங்கள் மனம் கெட வேண்டாம். ஆங்கிலத்திலிருந்து ஆண்டாளை மொழிபெயர்க்க வருகிற ஒருவர் நாற்றத்தில் இதே போல இடறுவார்.

#4 இரவுப்படிப்பு

நான் வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரிச் சொற்களை ஆயிரக்கணக்கில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். லுகூப்ரியஸ், மாட்லின், மாக்கிஷ் மூன்றுக்கும் என் பட்டியலில் ஒரே விளக்கம்தான் இருக்கிறது: 'சோகமான, அழுமூஞ்சித்தனமான'. இரண்டு நாளில் மறந்துவிடுகிறது. இந்தச் சொற்களை யாராவது உண்மையில் பயன்படுத்துகிறார்களா? தேர்வுக்கு வெளியே இவற்றால் என்ன பயன் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

#5 வேர்ச்சொல்

தம்பி, அந்த விளக்கத்தை அடித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

லுகூப்ரியஸ்: லத்தீனில் 'லூகேரே' என்றால் துக்கம் காப்பது. இழவு வீட்டு முகம். அளவுக்கு மிஞ்சிய, தூக்கி வைத்துக்கொண்ட துக்கம்.

மாட்லின்: மகதலேனா மரியாளின் பெயர்தான் ஆங்கில வாயில் மாட்லின் ஆனது. ஆக்ஸ்ஃபோர்டில் மாக்டலன் என்று எழுதப்படும் கல்லூரியை இன்றும் மாட்லின் என்றுதான் உச்சரிக்கிறார்கள். ஓவியங்களில் அவள் எப்போதும் அழுத கண்ணோடு இருப்பாள். அதிலிருந்து, காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண்ணீர் விடுகிற நிலைக்கு, குறிப்பாகக் குடித்துவிட்டு அழுகிற நிலைக்கு, அந்தப் பெயர் வந்துவிட்டது.

மாக்கிஷ்: 'மாக்' என்றால் புழு. அழுகிய இறைச்சியில் நெளிகிற புழு. முதலில் குமட்டுகிற என்று பொருள். பிறகு, கேட்கும்போதே குமட்டும் அளவுக்குத் தித்திப்பான உணர்ச்சிப் பேச்சு.

இழவு வீடு, மரியாளின் கண், புழு. மூன்றும் இனிக் குழம்பாது. 'இக்ரீஜியஸ்' என்பதும் உங்கள் பட்டியலில் இருக்கும். லத்தீனில் 'மந்தையிலிருந்து விலகி நிற்பது'. முதலில் தலைசிறந்த என்று பாராட்டாகத்தான் வந்தது. இன்று அப்பட்டமான தவறுக்கு மட்டும்தான் அந்த அடை. மந்தையிலிருந்து விலகி நிற்கும் ஆடு என்று நினைத்துக்கொண்டால் இரண்டு பொருளும் கைக்குள் இருக்கும்.

#6 மழைக்காகம்

நான் ஸ்காட்லாந்தில் செவிலியராக இருக்கிறேன், பதினொரு வருடமாக. தேர்வுக்கு வெளியே யார் பயன்படுத்துகிறார்கள் என்று தம்பி கேட்டதற்காக எழுதுகிறேன்.

வந்த முதல் மாதம். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் படுக்கையில் இருந்தார். காலையில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஃபேர் வாபிட், ஹென்" என்றார். ராபிட் என்று காதில் விழுந்தது. முயல் ஏதோ கனவில் வந்ததாகச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். கூட வேலை பார்த்தவர்தான் பின்னாலேயே வந்து சொன்னார்: வாபிட் என்றால் உடம்பில் ஒரு துளி தெம்பு இல்லை என்று அர்த்தம், நேற்று வரை அந்தப் பாட்டி அப்படிச் சொன்னதில்லை, போய் நாடி பார் என்று. போய்ப் பார்த்தேன். நல்லவேளை, நேரத்தோடு பார்த்தோம். அன்று முதல் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து கொஞ்சம். 'பீலி வாலி' என்றால் வெளிறிப்போன, முகத்தில் ரத்தமில்லாத. 'டிரூக்கிட்' என்றால் தொப்பலாக நனைந்த. 'கிராபிட்' சிடுசிடுப்பு. 'த்ரான்' என்றால் முறுக்கிக்கொண்ட. மரக்கிளைக்கும் சொல்வார்கள், மாத்திரை சாப்பிட மறுக்கும் தாத்தாவுக்கும் சொல்வார்கள். அப்புறம் எல்லோரும் தினமும் சொல்வது 'டிரீக்'. கடைசி எழுத்தைத் தொண்டையிலிருந்து காறுவது போலச் சொல்ல வேண்டும். வானம் தாழ்ந்து, சாம்பல் நிறமாகி, மழை என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் ஈரம் முகத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும் நாள் அது. அந்தச் சொல்லுக்கு முதலில் 'நீண்டு இழுக்கிற, பொறுத்துக்கொள்ள வேண்டிய' என்று பொருளாம். நவம்பரில் ஒரு வாரம் இங்கே இருந்தால் அது வானிலைக்கு எப்படி வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சொற்கள் புத்தகத்தில் பழையவை. இங்கே காலையில் கடைக்குப் பால் வாங்கப் போனால் காதில் விழுபவை.

#7 இரவுப்படிப்பு

அக்கா, நன்றி. நோட்டின் மிச்சத்தையும் போடுங்கள்.

ஓர் ஐயம். 'பாஷ்', அதாவது பகட்டான, என்ற சொல் இந்தியாவுக்கு வந்த கப்பல்களிலிருந்து வந்தது என்று எங்கள் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை. வெயில் படாத அந்த அறைகள் பணக்காரர்களுக்கு. 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்து சேர்ந்தது என்று. சரிதானா?

#8 வேர்ச்சொல்

கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. அப்படி முத்திரை குத்திய ஒரு பயணச்சீட்டைக்கூட இதுவரை யாரும் காட்டியதில்லை. முதல் எழுத்துகளைச் சேர்த்துச் சொல் பிறந்தது என்று ஒரு பழைய சொல்லுக்கு யாராவது கதை சொன்னால் முதலில் சந்தேகப்படுங்கள், தம்பி.

இதே போல இன்னொன்று உலவுகிறது. லண்டன் புனித பவுல் பேராலயத்தைப் பார்த்த அரசர் அதை 'ஆஃபுல்', 'ஆர்ட்டிஃபிஷியல்' என்று பாராட்டினார் என்று. ஒருவர் சொன்னால் அது சார்லஸ், இன்னொருவர் சொன்னால் ஜேம்ஸ், மூன்றாமவர் சொன்னால் ஆன் அரசி. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கதையை நான் நம்புவதில்லை. ஆனால் சொற்களின் பழைய பொருள் உண்மைதான். ஆஃபுல் பிரமிப்பு நிறைந்த, ஆர்ட்டிஃபிஷியல் கைத்திறன் மிக்க.

இந்தியாவிலிருந்து உண்மையாகவே போன பெயரடை வேண்டுமானால் 'பக்கா' இருக்கிறது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்குத் தனிப் பதிவே உண்டு. பர்னெல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, சரஸ்வதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். பக்கா என்பதன் மூலம் 'பக்வ', வெந்த, பழுத்த. நாம் சொல்லும் பக்குவமும் அதே வேர்தான். பக்காவும் பக்குவமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

#9 மேடைவிளக்கு

நானும் அரங்கத்துக்காரன். ஏட்டுச்சுவடி அண்ணா, கெண்ட்டின் வசவை என்ன செய்தீர்கள்? இரண்டாம் அங்கத்தில் லியரின் மூத்த மகள் கானெரிலின் ஏவலாள் ஆஸ்வால்டைப் பார்த்து மூச்சு விடாமல் திட்டுவானே, அதை. நாங்கள் பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பகுதியை மட்டும் போட்டபோது அதை அப்படியே வெட்டிவிட்டோம். யாருக்கும் புரியவில்லை. இன்று வரை எனக்கு அது உறுத்தல்.

#10 ஏட்டுச்சுவடி

வெட்டவில்லை. மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன். இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கெண்ட் சொல்லும் ஒவ்வோர் அடைச்சொல்லும் ஒரு வாழ்க்கையைக் காட்டுகிறது. 'மூன்று உடுப்புக்காரன்' என்கிறான். வேலைக்காரனுக்கு வருடத்துக்கு மூன்று உடுப்பு எசமான் கொடுப்பது வழக்கம். 'நூறு பவுன்காரன்' என்கிறான். ஜேம்ஸ் அரசர் நைட் பட்டத்தை ஏராளமாக வாரி வழங்கியதைக் குத்துவதாக ஒரு விளக்கம் உண்டு. 'வொர்ஸ்டெட் காலுறைக்காரன்' என்கிறான். வொர்ஸ்டெட் என்பது நார்ஃபோக்கில் உள்ள ஓர் ஊரின் பெயரால் வந்த கம்பளி நூல். பெரிய மனிதர்கள் பட்டில் காலுறை போடுவார்கள், ஏவலாட்கள் கம்பளியில். 'ஆக்ஷன் டேக்கிங்' என்றால் செயல்வீரன் என்று நான் முதலில் நினைத்தேன், நேர் எதிர். அடித்தால் திருப்பி அடிக்கத் துப்பில்லாமல் வழக்குப் போட ஓடுகிறவன். 'கண்ணாடி பார்க்கிறவன்', 'மிதமிஞ்சிப் பணிவிடை செய்கிறவன்', 'ஒற்றைப் பெட்டி வாரிசு', அதாவது சொத்தெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

இவற்றை அப்படியே தமிழில் கொண்டு வந்தால் மேடையில் அடிக்குறிப்பு படிக்க வேண்டியிருக்கும். திட்டு என்றால் திட்டுப் போலக் காதில் விழ வேண்டும். அதனால் உடுப்பையும் காலுறையையும் 'எசமான் கழற்றிப் போட்டதை உடுத்தித் திரிகிறவனே' என்று ஒன்றாக்கினேன். 'உடைந்த இறைச்சி தின்கிறவன்' என்பதற்கு மட்டும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேசையில் மிஞ்சியதைத் தின்கிறவன் என்று பொருள். 'எச்சில் சோறு தின்னி'. எங்கள் பாட்டி தெருவில் நின்று சொல்லிக் கேட்ட வசவு.

சிக்கியது 'லிலி லிவர்ட்' தான். வெள்ளை அல்லிப்பூ மாதிரி ஈரல் உள்ளவன். அந்தக் காலத்து மருத்துவத்தில் தைரியம் ஈரலில் இருந்தது. ரத்தம் இல்லாத ஈரல் வெளுத்த ஈரல். வெளுத்த ஈரல் உள்ளவன் கோழை. முதலில் 'தொடைநடுங்கி' என்று எழுதியிருந்தேன்.

#11 தமிழாசிரியை_ஓய்வு

தம்பி, தொடைக்கு ஏன் போகிறீர்கள்? நமக்கும் பயம் ஈரலில்தானே இருக்கிறது. 'ஈரக்குலை நடுங்கிப்போச்சு' என்று சொல்வதில்லையா? ஈரக்குலை என்பது ஈரல் குலைதான். அரசன் காலத்து இங்கிலாந்தும் நம் கிராமமும் ஒரே உறுப்பில் பயத்தை வைத்திருக்கின்றன. 'ஈரக்குலை வெளுத்தவனே' என்று எழுதிப் பாருங்கள்.

#12 ஏட்டுச்சுவடி

டீச்சர், இதை மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். வாயால் நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். கெண்ட் வேடம் போடுகிறவரிடம் போனில் சொன்னேன், அவர் மறுமுனையில் உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு "இதுதான்" என்றார். வசவு முழுவதும் அந்தச் சொல்லோடு முடியும்படி மாற்றிவிட்டேன்.

#13 வேர்ச்சொல்

ஈரல் வந்துவிட்டதால் பித்தத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் அங்கத்திலேயே கானெரில் தன் தந்தையின் வயதை 'காலரிக்' என்கிறாள். கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தநீர். ஹிப்பாக்ரட்டீஸ், கேலன் வழியில் வந்த மருத்துவத்தில் உடம்புக்கு நான்கு நீர்கள்: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். எது மிஞ்சுகிறதோ அதுவே குணம். ரத்தம் மிஞ்சினால் 'சாங்குவின்', நம்பிக்கையும் உற்சாகமும் உள்ளவன். சளி மிஞ்சினால் 'ஃபிளெக்மாட்டிக்', எதற்கும் அசையாதவன். மஞ்சள் பித்தம் காலரிக், முன்கோபி. கரும்பித்தம் 'மெலங்காலிக்'. இன்று இந்த நான்கையும் வெறும் குணச்சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அன்று அவை நோயறிதல். கானெரில் தந்தையைத் திட்டவில்லை, மருத்துவர் போல ஒரு தீர்ப்பு எழுதுகிறாள். அதனால்தான் அது இன்னும் கொடூரமாக இருக்கிறது.

வாதம், பித்தம், கபம் தெரிந்த நமக்கு இது ஆங்கிலேயர்களைவிட எளிதாகப் புரியும். நம்மிடம் ரத்தம் அந்தக் கணக்கில் இல்லை, அவர்களிடம் வாதம் இல்லை. கானெரிலின் வாயில் 'பித்தம் தலைக்கேறிய வயது' என்று வைத்தால் சரியாக உட்காரும்.

#14 மேடைவிளக்கு

அப்படியானால் கிரகமும் உண்டே சார். க்ளாஸ்டர் பிரபுவின் மகன் எட்மண்டின் பேச்சு.

#15 வேர்ச்சொல்

உண்டு. நாம் செய்த கெடுதிக்குச் சூரியன் சந்திரன் நட்சத்திரங்கள்மேல் பழி போடுகிறோம் என்று எட்மண்ட் சொல்லும் இடம். அங்கே அவன் பயன்படுத்தும் 'டிசாஸ்டர்' என்ற சொல்லுக்குள்ளேயே நட்சத்திரம் இருக்கிறது: கெட்ட நட்சத்திரம். ஜோதிடத்தை மறுக்கிறவன் வாயில் ஜோதிடச் சொல்.

கிரகத்தால் வந்த பெயரடைகள் ஆங்கிலத்தில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. வியாழன் ஜூபிட்டர், அவருக்கு ஜோவ் என்றும் பெயர். அவர் ஆதிக்கத்தில் பிறந்தவன் 'ஜோவியல்', கலகலப்பானவன். புதன் 'மெர்க்கூரியல்', நிமிடத்துக்கு ஒரு மனம். செவ்வாய் 'மார்ஷியல்', போர்க்குணம். சனி 'சாட்டர்னைன்', கவிந்த முகம், மெதுவான பேச்சு, உள்ளே ஒரு குளிர். அன்றைய வானியலுக்குத் தெரிந்த கிரகங்களிலேயே மிக மெதுவானது சனி, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29½ வருடம். நம் பஞ்சாங்கம் ராசிக்கு இரண்டரை வருடம் என்று போடுவதும் அதைத்தான், மந்தன் என்று பெயர் வைத்ததும் அதனால்தான். ரசவாதிகள் ஈயத்தைச் சனி என்ற பெயரால் அழைத்தார்கள். கனம், மந்தம், இருட்டு மூன்றும் அந்த ஒரு சொல்லில் கூடுகின்றன. சாட்டர்னைன் என்று ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதியிருந்தால் 'சோகமான' என்று மொழிபெயர்ப்பது போதாது. 'சனி பிடித்த' என்றால் வேறு பொருள் ஆகிவிடும். எனக்கு 'ஈயம் பாய்ந்த முகம்' என்று ஒரு முறை தோன்றியது. யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் மகிழ்வேன்.

#16 மழைக்காகம்

இங்கே வடக்கு இங்கிலாந்திலிருந்து வந்த சக செவிலியர் ஒருவர் வாயில் அடிக்கடி 'கார்ம்லெஸ்' வரும். ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு. கார்ம் என்றால் என்ன என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. கார்ம் உள்ளவன் என்று சொல்வீர்களா என்றால் அதுவும் இல்லை என்கிறார்.

#17 வேர்ச்சொல்

ஸ்காண்டிநேவியர்கள் கொண்டு வந்த சொல், மழைக்காகம். பழைய நார்ஸில் 'கௌமர்' என்றால் கவனம். கவனம் இல்லாதவன் கார்ம்லெஸ். 1847இல் வந்த 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் ஹீத்கிளிஃப் 'காம்லெஸ்' என்று இதைச் சொல்வான், அதுவும் வேலைக்காரன் ஜோசஃபின் சொல் என்று குறிப்பிட்டே சொல்வான்.

இதில் எனக்கு மனம் போகிற விஷயம், இல்லை என்ற சொல் இருக்கிறது, உண்டு என்ற சொல் செத்துவிட்டது. 'ரூத்லெஸ்' இருக்கிறது, ரூத் என்றால் இரக்கம், அது வழக்கில் இல்லை. 'அன்கெம்ப்ட்' என்றால் சீவாத தலை; சீவிய தலைக்கு இருந்த 'கெம்ப்ட்' அரிதாகிவிட்டது. 'அன்கூத்' என்றால் முரடன் என்று இன்று சொல்கிறோம். மூலத்தில் 'அறியப்படாதவன்', அவ்வளவுதான். ஊருக்குப் புதியவனை முரடன் ஆக்கியது யார்? ஊர்க்காரர்கள்தான்.

'டிஸ்கிரண்டில்ட்' மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அங்கே டிஸ் என்பது எதிர்மறை இல்லை, மிகுதி. 'கிரண்டில்' என்றால் உறுமிக்கொண்டே இருப்பது. முற்ற முழுக்க உறுமுகிறவன் டிஸ்கிரண்டில்ட்.

#18 இரவுப்படிப்பு

மிகுதியைக் காட்ட முன்னால் ஒட்டுவது நம்மிடமும் உண்டல்லவா டீச்சர்? பள்ளியில் படித்தேன்: சால, உறு, தவ, நனி, கூர், கழி.

#19 தமிழாசிரியை_ஓய்வு

நன்னூல் சூத்திரம், கண்ணா. 'சால உறுதவ நனிகூர் கழிமிகல்'. உரிச்சொல். நினைவு வைத்திருக்கிறாயே, மகிழ்ச்சி. உறுபசி, கழிபேருவகை. அந்த 'கழி'யும் இன்று தனியாக நின்றால் மிகுதி இல்லை, குறைத்தல். நீ ஆங்கிலப் பட்டியலை மனப்பாடம் செய்யும்போது பக்கத்தில் இதையும் வைத்துக்கொள்.

#20 ஏட்டுச்சுவடி

இன்னொரு சொல்லில் தடுக்கி நிற்கிறேன். மூன்றாம் அங்கம், க்ளாஸ்டரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். லியரின் இரண்டாம் மகள் ரீகன் அந்த முதியவரின் தாடியைப் பிடுங்குகிறாள். அவர் அவளைப் பார்த்து 'நாட்டி லேடி' என்கிறார். கொஞ்ச நேரத்தில் அவர் கண்களைத் தோண்டப்போகிறார்கள். அந்த இடத்தில் 'நாட்டி'. நமக்கு நாட்டி என்றால் குறும்புக்காரப் பையன், பள்ளி டைரியில் டீச்சர் எழுதி அனுப்புவது.

#21 வேர்ச்சொல்

'நாட்' என்றால் ஒன்றுமில்லை. நாட்டி முதலில் ஒன்றுமில்லாத வறியவன், பிறகு ஒன்றுக்கும் உதவாதவன், பிறகு கொடியவன். குழந்தைக்குச் சொல்லிச் சொல்லித்தான் பல் விழுந்தது. 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில் எரேமியா 24ஆம் அதிகாரத்தில் இரண்டு கூடை அத்திப்பழம் வரும். ஒரு கூடை நல்லது, இன்னொரு கூடையில் தின்னவே முடியாத 'நாட்டி ஃபிக்ஸ்'. அழுகிய பழம். லியர் அரங்கேறியது அதற்கு ஐந்து வருடம் முன்னால்தான்; 1606 டிசம்பர் 26 அன்று அரசவையில் நடித்தார்கள். அதே நாடகத்தில் புயலில் கோமாளி சொல்வதும் 'நாட்டி நைட்', நீந்துவதற்கு ஆகாத இரவு.

'பாவி மகளே' போதாது. 'கொடும்பாவி' என்றால் சரியாக இருக்குமா?

அடுத்த வரியையும் கவனியுங்கள். நீ பிடுங்கும் இந்த மயிர்கள் 'குவிக்கன்' ஆகி உன்மேல் குற்றம் சாட்டும் என்கிறார். அது வேகம் இல்லை. 'குவிக்' என்றால் உயிருள்ள. பாதரசம் குவிக்சில்வர் ஆனது அதனால்: உயிருள்ள வெள்ளி, தட்டில் விட்டால் ஓடுவது.

#22 மழைக்காகம்

நகத்துக்கு அடியில் இருக்கும் உயிர்ச்சதையையும் இங்கே 'குவிக்' என்றுதான் சொல்கிறோம். நகம் வெட்டும்போது அதுவரை போய்விடக் கூடாது என்று சொல்லிக்கொடுப்போம். உயிர் இருக்கிற இடம் என்பதால்தான் அந்தப் பெயர் என்று இன்றுதான் தெரிகிறது.

#23 ஏட்டுச்சுவடி

'கொடும்பாவி! நீ பிடுங்கிய மயிர் ஒவ்வொன்றும் உயிர்பெற்று வந்து உன்மேல் குற்றம் சொல்லும்.'

இப்படி எழுதிவிட்டேன். நேற்று ஒத்திகையில் க்ளாஸ்டர் சொன்னபோது ரீகனாக நடிக்கும் பெண் உண்மையாகவே ஓர் அடி பின்வாங்கினாள்.

#24 மேடைவிளக்கு

நாடகத்தின் கடைசி வரிகள் என்ன ஆயின? 'சாட் டைம்' என்று வருமே. அதையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டுமா, இல்லை அது சோகம்தானா?

#25 வேர்ச்சொல்

பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'சாட்' என்றால் வயிறு நிறைந்த, திகட்டிய. ஜெர்மனில் 'ஸாட்' இன்றும் வயிறு நிறைந்த என்பதுதான். நிறைந்தது கனக்கும். கனத்தது அசையாது. அசையாதவன் நிதானமானவன், பிறகு துக்கமானவன். கனம் என்ற பொருள் பொருட்களில் நீண்ட நாள் தங்கியது. துணி தேய்க்கும் கெட்டி இரும்புப் பெட்டிக்கு 'சாட் அயர்ன்' என்றே பெயர். அமெரிக்காவில் மேரி ஃப்ளோரன்ஸ் பாட்ஸ் என்ற பெண்மணி 1871இல் கழற்றி மாட்டும் பிடி வைத்த சாட் அயர்னுக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே கரி போட இடமில்லாத, அடுப்பில் வைத்துச் சூடேற்றும் முழு இரும்பு. அந்த இரும்புக்கு என்ன சோகம்? கனம்தான்.

ஷேக்ஸ்பியர் அந்த வரியில் 'வெயிட்' என்ற சொல்லையும் கூடவே வைத்திருக்கிறார். இந்த 'சாட்' காலத்தின் பாரத்துக்கு நாம் கீழ்ப்படிய வேண்டும் என்று. துக்கம் என்ற பொருள் அன்றைக்கே வந்துவிட்டது, ஆனால் கனம் இன்னும் போகவில்லை.

#26 தமிழாசிரியை_ஓய்வு

'மனசு கனத்துப் போச்சு' என்கிறோமே.

#27 ஏட்டுச்சுவடி

ஆமாம் டீச்சர். 'இந்தத் துயரமான காலத்தின் சுமையை' என்று வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். இப்போது இருப்பது:

'காலம் கனக்கிறது. இந்தப் பாரத்தை நாம் சுமந்துதான் ஆக வேண்டும். சொல்ல வேண்டியதை அல்ல, நெஞ்சில் இருப்பதைப் பேசுவோம்.'

லியர் வரியையும் மாற்றிவிட்டேன்: 'நான் ஒரு பேதை. மதிகெட்ட, பேதைக் கிழவன்.' பாசம் என்ற சொல் இப்போது அந்தக் காட்சியில் எங்கும் இல்லை. ஆனால் நேற்று லியராக நடிக்கும் பெரியவர் அதைச் சொல்லிவிட்டுக் கார்டீலியாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்வால்டின் பேச்சில் இன்னும் ஏழெட்டுச் சொற்கள் பாக்கி, அவற்றை நாளை இங்கே போடுகிறேன்.